நிற்கும்போது வருகிற மயக்கம்

காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நடுவில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் கடலை ஒட்டி இருக்கிறது மயிலிட்டி. இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று என்பதுதான் 1990 வரை அந்த ஊருக்கு இருந்த பெயர். மீனை விட்டால் ஊரின் பெயர் வெளியே அடிபட இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. கடற்காற்று, நல்ல வெளிச்சம், நல்ல சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக நீண்ட நாள் படுக்கை: சானற்றோறியம் என்றால் உலகெங்கும் அந்தக் காலத்தில் இதுதான் இலக்கணம்.

கசத்துக்கு மருந்தில்லாத நாளில் ஓய்வுதான் மருந்து. புண்பட்ட நுரையீரல் அசையாமல் கிடந்தால் ஆறிவிடும் என்பது வைத்தியர்களின் கணக்கு. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரூன்றிய இந்த முறை மெல்ல மெல்லக் கீழைத்தேயங்களுக்கும் வந்தது. நோயாளி மாதக்கணக்கில் கட்டிலிலும் சாய்கதிரையிலும் கிடப்பார். எழும்பி நடக்கலாம் என்று ஒருநாள் உத்தரவு கிடைக்கும். எழும்பினால் கண் இருளும், கால் துவளும், காதுக்குள் இரையும். சிலர் அப்படியே சரிந்து விழுவார்கள். வருத்தக்காரர், உடம்பில் பெலன் இல்லை என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதிக்குப் பொறுப்பு கட்டில்.

இதை உலகம் சற்றுப் பிந்தித்தான் ஒத்துக்கொண்டது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் வைத்தியர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு கிண்டல் கலந்த கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் டீட்ரிக், வீடன், ஷோர் என்ற மூவரும் வெளியிட்ட ஆய்வு கிண்டலுக்கு இடமே வைக்கவில்லை. நோய்நொடி இல்லாத 4 இளைஞர்களை இடுப்பிலிருந்து கால்வரை மாக்கட்டுப் போட்டு 6, 7 கிழமைகள் படுக்கையிலேயே வைத்தார்கள். இடையிடையே, சாய்த்து நிமிர்த்தக்கூடிய ஒரு மேசையில் கட்டி, தலை மேலே வரும்படி உயர்த்திப் பார்த்தார்கள். கிடக்கக் கிடக்க நிமிர்வைத் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போனது. காசநோய்க் கிருமி கிட்டவும் வராத உடம்புகள் அவை.

நிமிர்வதில் என்ன இருக்கிறது? ஒருவர் படுத்திருந்து எழுந்து நின்றதும் அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரையான இரத்தம் மார்பை விட்டுக் கீழே இறங்கி, கால்களிலும் வயிற்றிலும் உள்ள நாளங்களில் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள அமுக்க உணரிகள் அதை அறிந்து மூளைக்குச் சொல்ல, மூளை நாளங்களை இறுக்கி இதயத்தை விரைவுபடுத்துகிறது. கெண்டைக்கால் தசைகள் அசையும்தோறும் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. இவ்வளவும் அரை நிமிடத்துக்குள் நடந்து முடிகிறது. நாள் முழுக்க எத்தனையோ தடவை நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கிழமைக்கணக்கில் படுத்தே கிடந்தால் சிறுநீரகம் நீரையும் உப்பையும் கூடுதலாக வெளியேற்றி இரத்தத்தின் அளவு குறைகிறது. நாளங்களும் இறுகும் பழக்கத்தை மறந்துவிடுகின்றன. பிறகு எழும்பும்போது மூளைக்குப் போதிய இரத்தம் ஏறுவதில்லை. விண்வெளி வீரர்களும் இதற்கு விலக்கல்ல. 1963இல் கோர்டன் கூப்பர் ஏறக்குறைய ஒன்றரை நாள் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பி, கலத்தை விட்டு வெளியே வந்து நின்றபோது தலை சுற்றித் தள்ளாடினார். அவரையும் சாய்வு மேசையில் ஏற்றிச் சோதித்தார்கள்.

சானற்றோறியக் கட்டிலுக்கு முடிவு கட்டிய ஆய்வு சென்னையில் நடந்தது என்பது தமிழர் பலருக்கே தெரியாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த நிலையத்துக்கு வாலஸ் பொக்ஸ் என்பவர் வழிகாட்டினார். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தாம்பரம் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு என்று இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றுவதிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மருந்துதான் குணமாக்கியது, கட்டில் அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தை 1928இல் நிறுவியவர் டாக்டர் சவரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் சில காலம் நோயாளியாகக் கிடந்தார். திறந்த வெளிக் காற்றையும் ஓய்வையும் வாழ்நாள் முழுவதும் நம்பிய அந்த மனிதர் கட்டிய இடமே, அந்த நம்பிக்கையைச் சோதித்துக் கைவிடவைத்த ஆய்வுக்குக் களமானது. அதன்பின் உலகெங்கும் காசநோய்க் கட்டில்கள் காலியாகத் தொடங்கின.

படுக்கையின் கதையை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எழுந்து நிற்கும்போது வருகிற மயக்கத்தை மருத்துவம் மிக நீண்ட காலம் நோயாளியைப் படுக்கவைத்தே தேடியது. விழுந்தவரைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்துவார்கள். கிடத்திய கணமே இரத்தம் மூளைக்குத் திரும்பிவிடும், நோயாளி கண் திறந்துவிடுவார். வைத்தியர் வந்து நாடி பிடிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆளை நிறுத்திவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் வைத்தியத்துக்குக் குறைவு இருக்கவில்லை. அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் தமிழ் மருத்துவத்தின் பெரிய தொகுப்புகள். மயிலிட்டிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் உள்ள ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தைத் தேடித் தொகுத்து, 1928 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டார். வாதம், பித்தம், ஐ (கபம்) என்ற மூன்றின் ஏற்றத்தாழ்வில் எல்லா நோயையும் காணும் அந்த மரபில் தலைச்சுற்றுப் பெரும்பாலும் பித்தத்தின் கணக்கில் போகும். இன்றைக்கும் எழும்பும்போது தலை சுற்றுகிறது என்றால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்றுதான் வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். இஞ்சியும் தேசிக்காயும் உப்புப் போட்ட தண்ணீரும் கொடுப்பார்கள். விளக்கம் வேறானாலும் அந்த உப்புத் தண்ணீர் வீண் போகவில்லை. வெயிலில் வியர்த்து நீரும் உப்பும் இழந்தவருக்குத் தேவைப்படுவது அதுதான். இதை வைத்து முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று கொடி பிடிக்கத் தேவையில்லை. அதே வீட்டில்தான் விழுந்தவரின் கையில் திறப்புக் கோர்வையைத் திணிக்கும் பழக்கமும் இருந்தது, இருக்கிறது.

திறப்புக் கோர்வையின் செல்வாக்குக்கு எளிய காரணம் உண்டு. சாதாரண மயக்கம் பெரும்பாலும் 20 விநாடிக்குள் தானாகத் தெளிந்துவிடும். அந்த 20 விநாடிக்குள் எதைச் செய்தாலும் அதற்குப் பலன் கிடைத்ததுபோல் தெரியும். இரும்பைப் பிடிப்பித்தால் இரும்பு, முகத்தில் தண்ணீர் அடித்தால் தண்ணீர், திருநீறு பூசினால் திருநீறு. கேடு செய்வது ஒன்றே ஒன்று: விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்திக் கதிரையில் இருத்திச் சோடா பருக்குவது. உடம்பு தானாகவே கிடையாக விழுந்து தனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அன்பின் மிகுதியால் அதைக் கெடுக்கிற வேலை அது.

மேலைநாட்டு மருத்துவம் இந்தக் குடாநாட்டுக்கு வந்த காலத்தில் அதன் நிலையும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. அமெரிக்க மிஷன் 1816இல் மயிலிட்டிக்கு அருகிலுள்ள தெல்லிப்பழையில் கால் ஊன்றியது. ஜோன் ஸ்கடர் என்ற மருத்துவ மிஷனரி 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உண்டாக்கியவர். ஸ்கடர் கற்றுக்கொண்ட காலத்து ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவத்தில் இரத்தம் வடித்தல் அன்றாட வேலை. எவ்வளவு வடிப்பது என்பதற்கு அளவுகோலாக இருந்தது மயக்கம். நோயாளி மயங்கும்வரை வடிப்பார்கள்.

இந்தக் கொடுமைக்குள்ளிருந்துதான் சாய்வு மேசையின் முதல் வித்து முளைத்தது. 1826இல் பாரிசில் பியோரி என்பவர், இரத்தம் வடித்து மயங்கிய நாய்களின் தலையைத் தாழ்த்தினால் உயிர் தெளிவதையும் தலையை உயர்த்தினால் மீண்டும் சோர்வதையும் காட்டி, இரத்த ஓட்டத்தில் புவியீர்ப்புக்குப் பங்கு உண்டு என்றார். சில ஆண்டுகளில் லண்டனில் மார்ஷல் ஹால் இன்னொரு படி மேலே போனார். நோயாளியை நிமிர்த்தி இருத்தி, மயக்கத்தின் முதல் அறிகுறி தெரியும்வரை இரத்தம் வடிக்க வேண்டும், அதற்கு எவ்வளவு இரத்தம் வேண்டியிருந்தது என்பதைக் கொண்டு நோய் இன்னது என்று அறியலாம் என்று எழுதினார். வைத்தியம் தவறு. ஆனால் நிமிர்வை நிலையாக வைத்துக்கொண்டு, மயக்கத்தை வேண்டுமென்றே வரவழைத்து, அதை அளந்து நோயை அறிவது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

மானிப்பாயில் அதே மிஷனின் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வேலை செய்த காலம் வேறு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் இளைஞர்களுக்கு மேலைமருத்துவம் கற்பித்தார், பின்னர் முழுக்கத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், உடற்றொழில், வேதியியல் என்று ஆங்கிலப் பாடநூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். கிரேயின் உடற்கூற்று நூல் அவர் முயற்சியில் மனுஷ அங்காதிபாதம் ஆனது, டால்டனின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் ஆனது. இரத்தச் சுற்றோட்டத்தைத் தமிழில் படித்த ஒரு வைத்தியர் தலைமுறை மானிப்பாயில் உருவானது. ஆனால் எழுந்து நிற்பவரின் இரத்த அமுக்கம் விழுகிறதா என்று பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. உலகில் யாரிடமும் இல்லை. கிறீன் 1884இல் இறந்தார். ரிவா-ரோச்சி கைப்பட்டிக் கருவியைச் செய்தது 1896இல். கொரொட்கொவ் அதோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்து மேல், கீழ் அளவுகளைக் கேட்டறியக் காட்டியது 1905இல்.

கருவி வருவதற்குச் சற்று முன்னால், 1895இல், லெனார்ட் ஹில் என்ற ஆங்கில உடலியலாளர் விலங்குகளைப் பலகையில் கட்டி நிமிர்த்திப் பார்த்தார். கூண்டில் வளர்ந்த கொழுத்த முயலைத் தலை மேலாகப் பிடித்து வைத்திருந்தால் அதன் தொய்ந்த வயிற்றில் இரத்தம் தேங்கி அது செத்தே போகும். காட்டு முயலுக்கு ஒன்றும் ஆகாது. சானற்றோறியக் கட்டிலுக்கு வேண்டிய பாடம் அப்போதே அங்கே இருந்தது. யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

1925இல் அமெரிக்காவில் பிராட்பரி, எகிள்ஸ்டன் இருவரும், நின்றால் அமுக்கம் விழுந்து மயங்குகிற 3 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1932இல் தோமஸ் லூயிஸ், சாதாரண மயக்கத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடப்பதை எடுத்துக்காட்டினார்: இதயத் துடிப்பு மந்தமாவது ஒன்று, நாளங்கள் தளர்ந்து விரிவது மற்றது. அற்றோபீன் ஊசி போட்டால் துடிப்பு ஏறும், ஆனாலும் அமுக்கம் ஏறாது, ஆளும் தெளியமாட்டார். ஆகவே நாளம்தான் முதன்மை. குண்டுவீச்சுக் காலத்து லண்டனில், 1944இல், பார்க்ரொஃப்டும் அவருடைய தோழர்களும் தொண்டர்களின் இரத்தத்தை எடுத்து மயங்கவைத்து, விழும் நேரத்தில் தசைகளின் நாளங்கள் விரிந்துவிடுவதை அளந்தே காட்டினார்கள். இரத்தம் இழக்கும் உடம்பு நாளத்தை இறுக்கத்தானே வேண்டும்? ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல வந்தன, வாதமும் ஓய்ந்தபாடில்லை.

இவ்வளவு தெரிந்தும் மயக்கத்தோடு வருபவருக்கு ஆஸ்பத்திரிகளில் நடந்தது வேறு. இதயத்தின் மின்வரைபடம், மூளையின் மின்வரைபடம், தலைப் படம், எல்லாம் படுக்கவைத்தே எடுக்கப்பட்டன. எல்லாம் சரி என்று முடிவு வரும். காரணம் தெரியாத மயக்கம் என்று எழுதி அனுப்புவார்கள். அடுத்த மாதம் அவர் மறுபடியும் விழுவார்.

1986இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரியில் ரோஸ் ஆன் கென்னி என்ற அயர்லாந்து இளம் வைத்தியரும் ரிச்சர்ட் சட்டன் முதலியோரும் லான்செட்டில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாச் சோதனையும் செய்து காரணம் பிடிபடாத 15 பேரைச் சாய்வு மேசையில் நிமிர்த்தி வைத்தார்கள். 10 பேர் மயங்கினார்கள், அதுவும் தாங்கள் வழக்கமாக மயங்கும் விதத்திலேயே. மயக்கம் வராத 10 பேரை அதேபோல் வைத்ததில் ஒருவர்தான் மயங்கினார். மேசை புதிதல்ல. புதிதாக அவர்கள் சேர்த்தது பொறுமை. அதற்கு முன் சில நிமிடங்கள் மட்டும் நிமிர்த்திப் பார்த்து இறக்கிவிடுவார்கள். இங்கே மயக்கம் வரச் சராசரியாக அரை மணிநேரம் ஆனது. கோயில் வீதியில் நின்றவர் சாமி வெளியே வந்ததும் விழுவதில்லை, வீதி சுற்றி முடிகிற நேரத்தில்தான் விழுகிறார்.

சோதனை இன்று பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. சில மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். மங்கிய வெளிச்சம், சத்தமில்லாத அறை. மேசையில் படுக்கவைத்து நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டி கட்டுவார்கள். பாதம் ஊன்ற ஒரு பலகை இருக்கும். இதயத் துடிப்பும் இரத்த அமுக்கமும் இடைவிடாமல் பதிவாகிக்கொண்டிருக்கும். முதலில் சில நிமிடம் கிடையில். பிறகு மேசை 60 முதல் 70 பாகை வரை நிமிரும். நோயாளி கால் அசைக்காமல் 20 முதல் 45 நிமிடம் நிற்க வேண்டும். அதுதான் சூட்சுமம். தானாக நிற்பவர் அறியாமலே காலை மாற்றுவார், தசையை இறுக்குவார், இரத்தம் மேலேறும். ஒற்றைக் காலில் 33 மணிநேரம் நின்று கின்னஸ் சாதனை செய்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் காலும் அசையாத கால் அல்ல, ஓயாமல் வேலை செய்த கால். மேசையில் கட்டப்பட்டவருக்கு அந்த உதவி இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றால் நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் கொடுத்து நாளத்தைத் தளர்த்தி, இன்னும் 15, 20 நிமிடம் பார்ப்பார்கள். மயக்கம் வந்ததும் மேசையைக் கிடையாக்குவார்கள். சில விநாடிகளில் நோயாளி தெளிந்துவிடுவார்.

தாதியும் வைத்தியரும் அந்தச் சில நிமிடங்களில் பார்ப்பது விழும் முறையை. எழுந்த 3 நிமிடத்துக்குள் மேல் அமுக்கம் 20 அல்லது கீழ் அமுக்கம் 10 இறங்கினால் அது நிலைசார் அமுக்க வீழ்ச்சி. முதியவர்களிடமும் நீண்டகால நீரிழிவுக்காரரிடமும் கூடுதலாகக் காண்பது. அமுக்கம் விழாமல் துடிப்பு மட்டும் 10 நிமிடத்துக்குள் 30க்கு மேல் ஏறினால் வேறொரு கோளாறு. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் அது, 1993இல்தான் இன்றைய பெயரோடு பாடநூலுக்குள் நுழைந்தது. அதற்கு முன் அவர்களுக்குக் கிடைத்த பெயர் பெரும்பாலும் பயந்தாங்கொள்ளி, அல்லது வேலைக்கள்ளி. நீண்ட நேரம் எல்லாம் சரியாக இருந்து, திடீரென அமுக்கமும் துடிப்பும் சேர்ந்து விழுந்தால் அது லூயிஸ் சொன்ன சாதாரண மயக்கம்.

சோதனைக்கு எல்லைகளும் உண்டு. மருந்தும் நேரமும் கூட்டக்கூட்டச் சுகதேகிகளும் சிலர் மயங்குவார்கள். ஒருமுறை மயங்காதவர் மறுமுறை மயங்கலாம். அதனால் அனுபவமுள்ள வைத்தியர் மேசைக்குப் போகுமுன் கதையைக் கேட்பார்: எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம், வெக்கையா, சாப்பிட்டீர்களா, குமட்டியதா, கண் இருண்டதா, பார்த்தவர் யார். பெரும்பாலான மயக்கங்களில் பாதிக்கு மேற்பட்ட விடை இந்தக் கதையிலேயே இருக்கிறது. கதை பிடிபடாத இடத்தில்தான் மேசைக்கு வேலை.

அதன் மிகப் பெரிய உபகாரம் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. மயங்குபவருக்குக் கை கால் வெட்டி இழுப்பது சாதாரணம். 1994இல் ஜெர்மனியில் லெம்பெர்ட் குழுவினர் சுகதேகிகளை மயங்கவைத்து ஒளிப்பதிவுக் கருவியில் பதிந்து பார்த்தபோது முழுதாக மயங்கிய 42 பேரில் சுமார் 90 வீதமானோருக்கு அந்த வெட்டு இருந்தது. பார்த்தவர்கள் வலிப்பு என்றே சொல்வார்கள். 2000இல் மான்செஸ்டரில் வலிப்பு என்று முடிவுகட்டப்பட்ட, அல்லது சந்தேகிக்கப்பட்ட 74 பேரைச் சாய்வு மேசையிலும் பிற இதயச் சோதனைகளிலும் பார்த்ததில், 31 பேரின் நோய்க்கு வேறு காரணம் கிடைத்தது. வலிப்பு என்ற பெயரின் பாரம் எங்கள் ஊரில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கலியாணம் குழம்பும், தோணியில் ஏற்றமாட்டார்கள், ஆண்டுக்கணக்கில் குளிசை போட வேண்டும். திறப்புக் கோர்வையும் கையோடு வரும்.

மயிலிட்டிச் சுற்றாடலில் நின்று மயங்குவதற்கு வாய்ப்புகள் நிறைய. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடிகிறது. விரதம், வெயில், சனநெருக்கம், மணிக்கணக்கில் நிற்றல் என்று நால்வகைக் காரணமும் ஒரே நாளில் கூடுகின்றன. காலைச் சாப்பாடில்லாமல் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கிற பிள்ளை விழுவதும் இதே கணக்கு. மாரிகாலத்தில் டெங்கு வரும்போது கணக்கு மாறுகிறது. காய்ச்சல் தணிகிற நேரத்தில் எழும்பினால் தலை சுற்றுவது நாளங்களிலிருந்து நீர் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். மேல், கீழ் அமுக்கங்களின் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் இலங்கை வைத்தியர்கள் அதை ஆபத்தாகக் கொள்வார்கள். அங்கே இஞ்சித் தண்ணீர் கொடுத்துக் காலம் கடத்தினால் உயிர் போகும்.

முதியவர்களின் மயக்கத்துக்குப் பெரிய காரணம் குளிசைப் பெட்டி. பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின், சலம் போவதற்குக் கொடுக்கும் டாம்சுலோசின், நீர்போக்கும் குளிசை, நித்திரைக் குளிசை: ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்கலாம், ஒன்றாகச் சேர்ந்தால் அதிகாலையில் எழும்பும் ஐயாவைக் கிணற்றடியில் விழுத்தும். இடுப்பெலும்பு முறிந்து வந்தவரிடம் எலும்பைப் பார்க்கிறார்கள். ஏன் விழுந்தார் என்று கேட்பவர் குறைவு.

எல்லா மயக்கமும் சாதுவானதல்ல. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ விழுந்தால், படுத்திருக்கும்போதே மயங்கினால், நெஞ்சு படபடத்து முன்னறிவிப்பில்லாமல் விழுந்தால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தால் இதயத்தை உடனே பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு வைத்தியம் பெரும்பாலும் மலிவு. போதிய தண்ணீர். இரத்த அமுக்கமும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவருக்குக் கொஞ்சம் கூடுதல் உப்பு. கண் இருளத் தொடங்கியதும் காலைக் காலோடு பின்னி, தொடையையும் வயிற்றையும் இறுக்குவது இன்னொரு வழி. 2006இல் வெளிவந்த, 223 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வில், இதைப் பழகியவர்களில் சுமார் 32 வீதத்தினருக்கும் பழகாதவர்களில் சுமார் 51 வீதத்தினருக்கும் மயக்கம் திரும்ப வந்தது. பெங்களூரு ஜெயதேவா இதயநோய் நிறுவனத்தில் யோகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மயக்கம் குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

மயிலிட்டிச் சனம் 1990இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளை முகாம்களில் கழித்தது. 2017 யூலையில் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் விடப்பட்டன. திரும்பி வந்தவர்களில் கணிசமானோர் இப்போது முதியவர்கள், பிரஷருக்கும் நீரிழிவுக்கும் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள். அவர்கள் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ போகிறார்கள். கிளினிக்கில் சனம் நிரம்பி வழியும். கதிரையில் இருத்திக் கையில் பட்டி சுற்றி ஓர் அளவு எடுத்து, கொப்பியில் எழுதி, அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அந்த ஓர் அளவு நிற்பவரின் அமுக்கத்தைச் சொல்லாது.

சாய்வு மேசை எல்லா ஊருக்கும் வராது, வரவும் தேவையில்லை. அதன் சிறு தம்பி ஒன்று ஏற்கெனவே எல்லாக் கிளினிக்கிலும் இருக்கிறது. 5 நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவு, எழுந்து நின்ற 1ஆவது நிமிடத்தில் ஓர் அளவு, 3ஆவது நிமிடத்தில் ஓர் அளவு. வேண்டியது ஒரு வாங்கு, ஒரு பிரஷர் கருவி, 10 நிமிடம். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அடுத்த கிளினிக்குக்குக் குளிசைகள் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு அவரோடு கூடப் போங்கள். நிற்கவைத்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் டொக்டர் என்று கேளுங்கள்.